பாட்டு முடியும் வரை தண்ணீர்

புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் உங்களில் நாலு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேநீர் குடித்துக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்: "சார், நீங்க தோட்டத்துல பாட்டுப் பாடித்தான் வேலை பார்த்தீங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. உண்மையா லா?" மற்ற மூவரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் கவனிக்காமல் இல்லை. அன்றைக்கு எதையோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். ஒழுங்கான பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஆமாம், பாட்டை வைத்துத்தான் வேலை பார்த்தேன். என் குரலில் அல்ல. நான் பாடினால் என் மனைவியே சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். நான் எழுதினேன், தோட்டத்து மக்கள் பாடினார்கள். கோல சிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும் உள்ள செம்பனைத் தோட்டங்களில் கொசுவுக்கு ஒரு பாட்டு, எலிக்காய்ச்சலுக்கு ஒரு பாட்டு, சர்க்கரைக்கு ஒரு பாட்டு என்று என் கணக்கில் முப்பதுக்கு மேல் இருக்கும். சுமாராக எழுதினேன் என்று அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நன்றாக எழுதினேன். அதனால்தான் ஒரு முறை பெரிதாகச் சறுக்கவும் முடிந்தது.

பாட்டுக்கு எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சுவரில் படம் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி, ஒரு மணி நேரம் பேசுவேன். ஒரு தோட்டத்து மண்டபத்தில் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. "எல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க சார். வூட்டுக்குப் போனதும் என் வூட்டுக்காரரு என்னாடி சொன்னாங்கன்னு கேப்பாரு. நான் எதச் சொல்றது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். ஒரு மணி நேரப் பேச்சில் வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு கைப்பிடி கூட இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மறுமுறை நாலு வரியை மெட்டில் கட்டிக்கொண்டு போனேன். அது வீட்டுக்குப் போனது.

எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கொசுப் பாட்டில் கற்றுக்கொண்டேன். "தண்ணி நிக்கிற சட்டியெல்லாம் கவுத்துப் போடு" என்று பிள்ளைகளுக்காக ஒரு பாட்டு எழுதினேன். அடுத்த வாரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் பெண்கள் என்னை அடிக்காத குறை. பிள்ளைகள் பூந்தொட்டித் தட்டையும் பழைய டயரையும் மட்டும் கவிழ்க்கவில்லை, சோப்பில் ஊறப்போட்ட துணி வாளியையும் தோசைக்கு ஊறவைத்த உளுந்தையும் சேர்த்துக் கவிழ்த்திருந்தார்கள். பாட்டில் விதிவிலக்கு இல்லையே. அறிவுரையைக் கேட்டு மனிதர்கள் தலையாட்டுவார்கள். பாட்டைக் கேட்டால் அப்படியே செய்துவிடுவார்கள். அந்த இடத்தில் நான் பயந்திருக்க வேண்டும். பயப்படுவதற்குப் பதிலாகப் பெருமைப்பட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், சபாக் பக்கம் ஒரு தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட கேங்கு. முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு செம்பனை நிரைகளுக்குள் போவார்கள். கண்ணாடி போட்டால் வியர்வையில் மங்கிவிடும், துடைப்பதற்குக் கழற்றுவார்கள், அந்த நேரம் பார்த்துத்தான் மருந்து தெறிக்கும். கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அங்கேயே, அப்போதே, சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான்.

கால் மணி நேரத்தை அந்த நிரைக்குள் யார் அளப்பது? உங்களில் ஒருவர் இந்நேரம் "போன்ல டைமர் வைக்கலாமே சார்" என்று நினைத்திருப்பீர்கள். போன் லோரியில் பைக்குள் இருக்கும். கையெல்லாம் மருந்து. எரிச்சலில் ஒருத்தி துடிக்கும்போது ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். "போதும், போதும், கழுவியாச்சு" என்று கையைத் தட்டிவிடுவாள். பழைய விபத்துகளை விசாரித்தபோது எல்லாரும் கால் மணி நேரம் கழுவியதாகத்தான் சொன்னார்கள். உண்மையில் இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது.

அதற்குத்தான் என் மூளை வேலை செய்தது. கால் மணி நேரம் ஓடுகிற ஒரு பாட்டு. ஒருத்தி தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒருத்தி இமையைப் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் பாட வேண்டும். பாட்டு முடியும் வரை தண்ணீர் நிற்கக் கூடாது. கடிகாரமே வேண்டாம். இதை யோசித்த அன்று நான் காரில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

தோட்டத்துக் கோயில் தலைவர் பாட்டை அம்மன் பேரில் தொடங்கச் சொன்னார். மக்கள் மனதில் நிற்கும் என்பது அவர் வாதம். நான் மறுத்துவிட்டேன். கேங்கில் இந்தோனேசியப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். யாரும் வாயைத் திறக்கத் தயங்கக் கூடாது. அது மட்டுமில்லை. "சாமி பாட்டுன்னா கண்ண மூடிக் கும்பிடுவாங்க, ஐயா. எனக்குக் கண்ணைத் திறக்கணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு கோயில் மண்டபத்துச் சாவியைக் கொடுத்தார்.

கும்மி மெட்டில் எழுதினேன். ஏழு கண்ணி, ஒவ்வொன்றும் ஐந்து தரம். எதுகை மோனை எல்லாம் கச்சிதம்.

"கண்ணுல மருந்து பட்டதடி தோழி
கையால தேய்க்காதே
நிக்காமத் தண்ணிய மொண்டு ஊத்து அத
நிறுத்திப் பாக்காதே"

இப்படிப் போகும். மண்டபத்தில் மின்விசிறிக்கடியில் உட்காரவைத்து, நானே கையசைத்துப் பாடவைத்து, கைக்கடிகாரத்தில் அளந்தேன். பதினாறு நிமிடம். கேங்கிலேயே நல்ல குரல் மாரியாயிக்கு. நாற்பது வயது இருக்கும், எடுத்தெறிந்து பேசுகிற வாய். "மெட்டு நல்லா துள்ளுது சார். சடங்கு வூட்டுல பாடலாம் போல இருக்கு" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்த மாரியாயி கண்ணிலேயே மருந்து பட்டது. காலையில் மருந்து கலக்கும்போது கேன் வழுக்கி, தண்ணீர் சேர்க்காத மருந்து இடது கண்ணில் தெறித்தது. கேங்கு கற்றுக்கொடுத்தபடியே செய்தது. உட்காரவைத்தார்கள், ஊற்றினார்கள், பாடினார்கள். பாட்டு முடிந்ததும் லோரியில் ஏற்றினார்கள். தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் எனக்கு போன் செய்து சொன்னார்: "சார், உங்க பாட்ட முழுசாப் பாடிக் கழுவிட்டுத்தான் கொண்டாந்தாங்க. கால் மணி நேரம் ஆயிடுச்சில்ல, அதான் நான் திரும்பக் கழுவாம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். பாட்டு வேலை செய்தது பாருங்கள் என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னேன். மதியம் எனக்கு யாரோ ஒரு தட்டு ரோஜாக் வாங்கிக்கூடக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அவள் கண் வெந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று செய்தி வந்தது. தோட்ட அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். மேலாளர் அறிக்கையைத் தயாராகவே வைத்திருந்தார். தொழிலாளி கண்ணாடியைக் கழற்றியிருந்தார், கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்ற விதியை கேங்கு பின்பற்றவில்லை என்று அதில் இருந்தது. வெளியே வராந்தாவில் பெண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "நாங்க முழுசாத்தான் பாடுனோம். ஒரு கண்ணி வுடல" என்றாள். குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

நான் எழுந்து வெளியே போனேன். "அன்னிக்கு எப்படிப் பாடுனீங்களோ அப்படியே பாடுங்க" என்றேன். முதலில் தயங்கினார்கள். பிறகு ஒருத்தி மாரியாயி கதறியதைச் சொல்லிக்கொண்டே தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைய பதற்றம் அவர்கள் முகத்தில் திரும்ப வந்தது, கும்மி தறிகெட்டு ஓடியது. மூச்சு விடாமல், கண்ணி மேல் கண்ணி ஏறி, கடைசி வரி வந்து நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்.

மண்டபத்தில், மின்விசிறிக்கடியில், ஆபத்து எதுவும் இல்லாதபோது அந்தப் பாட்டை நான் அளந்திருந்தேன். பயந்தவர்கள் எப்படிப் பாடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை. கும்மியோ ஓடுவதற்கென்றே பிறந்த மெட்டு. என் எதுகையில் எனக்கிருந்த மயக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, அந்த வராந்தாவில் நான் நின்ற இடத்தில் நீங்களும் ஒரு நாள் நிற்பீர்கள். உள்ளே ஓர் அறிக்கை தயாராக இருக்கும். அதில் உங்கள் பெயர் இருக்காது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஓய்வூதியம் வரைக்கும் நிம்மதி. எனக்கும் அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஐந்து நிமிடம் என்பது என் கடிகாரத்தில்தான் இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை.

உள்ளே போய்ச் சொன்னேன்: "கால் மணி நேரம்னு இவங்ககிட்ட நான் சொல்லவே இல்ல. பாட்டு முடியும் வரைக்கும்னுதான் சொன்னேன். சொன்னதைத்தான் செஞ்சாங்க. பாட்டுத்தான் தப்பு, அது என் பாட்டு." மேலாளர் அறிக்கையில் கேங்கைக் குறை சொன்ன இரண்டு வரியை அடித்து நீக்கினார். எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், மற்ற நற்சான்றிதழ்களோடு சேர்த்து.

மாரியாயியைப் பார்க்கப் போவதுதான் கூட்டத்தைவிடக் கடினமாக இருந்தது. அவளை மருந்து வேலையிலிருந்து மாற்றி, தோட்டத்து ஆயா கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விட்டிருந்தார்கள். ஏணையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"மாரியாயி, தப்பு என்னோடது. மன்னிச்சிக்குங்க."

"மன்னிச்சா கண்ணு வருமா சார்?"

"வராது."

"அப்ப அத வுடுங்க. எம் புள்ளைங்க முகமே எனக்கு இப்ப பாதிதான் தெரியுது. ஒங்க பாட்ட நம்பித்தான் ஒக்காந்திருந்தேன். அவளுங்க பாட்டு முடிஞ்சிடுச்சின்னதும் கண்ணு பொழச்சிடுச்சின்னு நெனச்சேன்."

அவளுக்கு உதடு துடித்தது. அதற்குள் குழந்தை வீறிட்டது. அவள் ஏணையை ஆட்டத் தொடங்கினாள், கூடவே தாலாட்டு. என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடி பாடினாள். குழந்தை மெல்ல அடங்கியது. நான் கிளம்பத் திரும்பினேன்.

"நில்லுங்க சார்" என்றாள். "இப்ப ஒங்க மேல எனக்கு எவ்ளோ கோவம் தெரியுமா? கைல ஏதாச்சும் இருந்தா தூக்கி அடிச்சிருப்பேன். ஆனா பாருங்க, பாட்டு வேகமா வரல."

எனக்கு உடனே புரியவில்லை. அவளே தொடர்ந்தாள். "தாலாட்ட வேகமாப் பாட முடியாது சார். கோவத்துலயும் முடியாது, அழுதுகிட்டும் முடியாது. புள்ள தூங்காதுல்ல. கை அந்த ஆட்டத்துக்குத்தான் போவும். அந்த மெட்டுல எழுதுங்க."

"கண்ணு எரிஞ்சி துடிக்கிறவங்களுக்குத் தாலாட்டா? சிரிப்பாங்க மாரியாயி."

"சிரிக்கட்டும். கண்ணு இருக்கறவங்க சிரிக்கட்டும் லா."

அன்று மாலையே உட்கார்ந்தேன். என் ஏழு கண்ணியில் ஒன்றுகூட அந்த மெட்டில் நிற்கவில்லை. துள்ளிய சொற்களையெல்லாம் வெட்டினேன், அது என்னையே வெட்டுவது போல வலித்தது. பிறகு மாரியாயியே ஆயா கொட்டகையில் வைத்து மேலும் பாதியை வெட்டினாள். "இது வாயில வரல", "இத யாரு சொல்லுவா" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மிஞ்சியது இந்த மாதிரி:

"கண்ணத் தொறந்திரும்மா தண்ணி
கன்னம் வழி ஓடட்டும்
இமையத் தூக்கிப் புடி தண்ணி
இன்னும் கொஞ்சம் ஓடட்டும்"

இந்த முறை மண்டபத்தில் அளக்கவில்லை. காலையில் பெரட்டுக்கு, பெயர் கூப்பிட, ஆள் கூடும் களத்தில், வேலை முடிந்து வந்த நேரத்தில், பம்பை மாட்டியபடியே கேங்கைக் கடைசி நிரை வரைக்கும் ஓடிவிட்டு வரச் சொன்னேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோரைப் பக்கத்தில் நிற்கவைத்துத் திட்டச் சொன்னேன். அவர் அதை ரொம்பவும் ரசித்துச் செய்தார். நான் தகர டின்னைத் தட்டிக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம், லோரி போகுது" என்று காதருகில் கத்தினேன். பெண்களுக்கு மூச்சு வாங்கியது, ஒருத்திக்கு இடையில் சிரிப்பும் வந்துவிட்டது. ஆனால் பாட்டு ஓடவில்லை. கால்கள் தன்னால் ஏணை ஆட்டுவது போல அசைந்தன. பதினேழு நிமிடம். மூன்று நாள் மூன்று விதமாகப் பயமுறுத்திப் பார்த்தேன். அரை நிமிடம்கூடக் குறையவில்லை.

கேங்கில் யாத்தி என்றொரு இந்தோனேசியப் பெண் இருந்தாள். மலாயில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தன் ஊரிலும் அம்மா இப்படித்தான் ஆட்டுவாள், வார்த்தை ஏற்கெனவே வாயில் ஒட்டிக்கொண்டது என்றாள். பொருளை மட்டும் மலாயில் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தேன். மாரியாயி மேலாளரிடம் போய் நின்று ஆயா கொட்டகையை விட்டு கேங்குக்கே திரும்பினாள். மருந்தைத் தொடுவதில்லை. நல்ல தண்ணீர் டிரம்முக்கு அவள் பொறுப்பு, பாட்டுக்கும் அவள்தான் பொறுப்பு.

ஒரு வருடம் அமைதியாகப் போனது. பிறகு ஒரு காலை நான் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது மண்டோர் போனில் வந்தார். "சார், யாத்திக்குக் கண்ணுல மருந்து தெறிச்சிடுச்சி. பம்பு குழா புடுங்கிக்கிச்சி. லோரி ஸ்டார்ட் பண்ணி நிக்குது, இவளுங்க ஏற மாட்டேங்கறாளுங்க. பாட்டு முடியணுமாம். அந்தப் பொண்ணு கத்துது சார். லேட்டாகி ஏதாச்சும் ஆச்சின்னா என் தலதான் உருளும். நீங்க சொன்னா கேப்பாளுங்க. ஏறச் சொல்லுங்க."

கழுவுவதுதான் முதல் வேலை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மாரியாயி கண்ணுக்குப் பிறகு என் பாட்டை நானே முழுசாக நம்பவில்லை. அந்த நிமிடத்தில் ஏறச் சொல்லிவிட்டால் பழி என் மேல் வராது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"மண்டோர், ஒன்னும் பேசாதீங்க. போனை அவங்க பக்கம் புடிங்க" என்றேன்.

லோரி இரைச்சலுக்குள் அந்தப் பாட்டு கேட்டது. யாத்தி அலறுவது நடுவில் கேட்டது, என் நெஞ்சை அறுத்தது. அலறலுக்கு மேலே மாரியாயி குரல். நான் கண்ணை மூடி, ஒரு கண்ணியை முழுசாகக் கேட்டேன். அவள் ஓடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்செடுத்து, ஏணை போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் விட்டு, அடுத்த வரியைத் தொட்டாள். பக்கத்தில் ஒருத்தி பதறி வேகம் பிடித்தபோது மாரியாயி குரலை உயர்த்தி அவளைப் பின்னால் இழுத்ததும் கேட்டது.

"பாட்டு முடியட்டும்" என்றேன். "நான் சொன்னேன்னு சொல்லுங்க. எழுதியும் தரேன். லோரிய ஆஃப் பண்ணுங்க."

மண்டோர் ஏதோ முனகினார், ஆனால் லோரிச் சத்தம் நின்றது. முடியும் வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்து மருந்தகத்துக்கும் கூப்பிட்டு, இவ்வளவு நிமிடம் கழுவியிருக்கிறது, அவள் வந்தவுடன் நீங்களும் திரும்பக் கழுவுங்கள் என்று சொன்னேன். ஒரு முறை பட்ட அடி அதையும் கற்றுக் கொடுத்திருந்தது. நெருக்கடியில் நீங்கள் முடிவெடுக்கும்போது பழிக்குப் பயந்து எடுக்கிறீர்களா, பக்கத்தில் இருக்கிற ஆளை நம்பி எடுக்கிறீர்களா என்று ஒரு நொடி உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மீதியை மறுநாள் காலை நடந்ததைக் கேட்டு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரியாயி முந்தின நாளிலிருந்து யாத்தியை விட்டு நகரவில்லை. கண் மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கருவிழி சுத்தமாக இருக்கிறது, சிவப்பு மட்டும்தான், இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். யாத்தி மாரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

மருத்துவர் பேனாவை எடுத்து, எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று யாத்தியிடம் மலாயில் கேட்டார்.

"ஒரு பாட்டு" என்றாள் யாத்தி.

மருத்துவர் சிரித்தார். ஒரு பாட்டு என்றால் எவ்வளவு என்று கேட்டார். யாத்தி மாரியாயியைப் பார்த்தாள், மாரியாயி தலையசைத்தாள். யாத்தி பாடத் தொடங்கினாள். தமிழ் தெரியாத வாயில் எங்கள் தாலாட்டு, ஒரு எழுத்து பிசகாமல். இரண்டு கண்ணி ஆனதும் மருத்துவர் போதும் என்று கை காட்டினார். யாத்தி நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். வெளியே இருபது பேர் வரிசைச் சீட்டோடு காத்திருந்தார்கள். மாரியாயி கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டாள், அவள் அவசரப்படாமல் இருக்க. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டார்.

முடிந்ததும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். படித்த அதிகாரி ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாரா என்று பணிக்காலம் முழுக்கக் காத்திருந்தவன் நான். தொண்டையைச் செருமியும் கொண்டேன். மாரியாயி என்னைக் கைகாட்டி, சார்தான் எழுதினார் என்றாள்.

"வார்த்தை என்னோடது, டாக்டர்" என்றேன். "இந்தப் பாட்டு ஓடாமல் இருக்க வழி கண்டுபிடித்தது இவர்."

மருத்துவர் அப்போதுதான் மாரியாயி பக்கம் முழுசாகத் திரும்பினார். அவள் இடது கண்ணைப் பார்த்தார். கண் மருத்துவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தன் நாற்காலியை இழுத்து வந்து அவளை உட்காரச் சொன்னார். மாரியாயியே நிதானமாக மலாயில் சொன்னாள்:

"என்னோடது அஞ்சு நிமிஷப் பாட்டு, டாக்டர். இவளோடது பதினேழு."